எக்ஸெல் சொன்ன ஜோதிடம்

1952 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் இரவு. கொஞ்சம் ஓட்டுகளே எண்ணப்பட்டிருந்த நேரத்தில், சி.பி.எஸ். டெலிவிஷனுக்காக யூனிவாக் கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போட்டது. ஐசனோவருக்கு 438 தேர்வாளர் ஓட்டுகள், ஸ்டீவன்சனுக்கு 93! கடும் போட்டி என்றே எல்லோரும் நினைத்திருந்ததால், பயந்துபோய் அதை உடனே அறிவிக்கவில்லை. கடைசியில் வந்த முடிவு 442 - 89.

இந்தக் கதை தந்த தைரியத்தில் 2016-ல் நானும் களத்தில் இறங்கினேன். மொத்தம் 538 தேர்வாளர் ஓட்டுகள். 270 கிடைத்தால் வெற்றி. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முதலில் வருபவருக்கே அந்த மாநிலத்தின் எல்லா ஓட்டும். எனவே எக்ஸெல்லில் 50 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் டி.சி.க்குமாக 51 வரிசைகள் போட்டேன். ஒவ்வொன்றிலும் கருத்துக் கணிப்பு காட்டிய முன்னிலை. அதோடு ரேண்ட் பங்ஷன் மூலம் கொஞ்சம் பிழை. எஃப்9 கீயை அழுத்தினால் ஒரு புதுத் தேர்தல்! நூற்றுக்கணக்கான தடவை அழுத்தினேன். அநேகமாக எல்லாத் தடவையும் ஹிலாரி கிளிண்டனே ஜெயித்தார். ஆபீஸில் எல்லோரிடமும் அடித்துச் சொல்லிவிட்டேன். ஜெயித்தவர் டிரம்ப். ஒரு வாரம் கேன்டீன் பக்கமே நான் போகவில்லை.

தவறு எங்கே? ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி ரேண்ட் கொடுத்திருந்தேன். பென்சில்வேனியாவில் கணிப்பு தவறினால் மிச்சிகனுக்கு அதில் சம்பந்தமில்லை என்று அர்த்தம். மூன்று மாநிலங்கள் ஒவ்வொன்றும் கைமாற 20 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். தனித்தனி என்றால் மூன்றும் சேர்ந்து மாற 125-ல் ஒரு வாய்ப்பு. முழுக்கப் பிணைந்தவை என்றால் 5-ல் ஒன்று! அந்த வருடம் பல மாநிலக் கணிப்புகளில் பட்டம் பெறாத வெள்ளையர்கள் உரிய அளவில் இடம்பெறவில்லை. அதனால் ஒரே பிழை பல இடங்களில் வந்தது. விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றும் ஒருசேர டிரம்பிடம் போயின. மூன்றிலும் கூட்டினால் வித்தியாசம் 80 ஆயிரம் ஓட்டுகூட இல்லை.

இந்தப் பிணைப்பைக் கணக்கில் சேர்த்தவர் நேட் சில்வர். அவரது ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் டிரம்புக்குச் சுமார் 29 சதவீத வாய்ப்பு கொடுத்தது. 2008-ல் 49 மாநிலங்களையும் 2012-ல் 50-ஐயும் சரியாகச் சொன்னார் என்று கொண்டாடியவர்கள், 2016-ல் அவர் தோற்றுவிட்டார் என்றார்கள். நான் அதை ஏற்கவில்லை. கலிபோர்னியா யாருக்கு, வயோமிங் யாருக்கு என்று சொல்லக் கம்ப்யூட்டரே தேவையில்லை. எத்தனை மாநிலம் சரி என்பதைவிட, தன் கணக்கு எவ்வளவு தவறலாம் என்று ஒருவர் நேர்மையாகச் சொல்கிறாரா என்பதே முக்கியம். 29 சதவீதம் என்றால் நடக்காது என்று பொருளல்ல. மூன்று, நான்கு தடவைக்கு ஒருமுறை நடக்கும் என்று பொருள். 2024-லும் இழுபறி என்று சொல்லப்பட்ட ஏழு மாநிலங்களும் ஒரே பக்கம்தான் சாய்ந்தன.

உங்கள் எக்ஸெல் ஷீட்டில் ஒரே ஒரு செல்லைக் கூடுதலாகச் சேருங்கள். அதில் எல்லா மாநிலத்துக்கும் பொதுவான ஒரு பிழையை வைத்து, 51 வரிசையிலும் கூட்டுங்கள். பிறகு எஃப்9 அழுத்திப் பாருங்கள். 'சந்தேகமே இல்லை' என்ற வார்த்தை வாயில் வராது!