பிழைத்தவர்களின் பயம்

மூளையில் இரத்தம் கசிந்து, வைத்தியர்களின் கைத்திறத்தால் உயிர் தப்பி வீடு வந்து சேர்ந்தவர்களை நம் ஜனங்கள் நடத்தும் மாதிரியைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறோம்.

வந்தவர் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறார். கை கால் அசைகிறது, பேச்சும் வருகிறது. ஆனால், இரவில் கண்ணை மூட அஞ்சுகிறார். இலேசாகத் தலை வலித்தாலும் "மறுபடியும் வெடித்துவிட்டதோ" என்று மார்பு படபடக்க, உடல் வேர்க்க உட்கார்ந்துவிடுகிறார். உடனே வீட்டார், "ஆண்டவன் உயிரைத் திருப்பிக் கொடுத்தும் இன்னும் என்ன பயம்?" என்று அதட்டுகிறார்கள். பக்கத்து வீட்டார், "காற்று கருப்பு அண்டியிருக்கும், மந்திரித்துக் கயிறு கட்டு" என்கிறார்கள். சோசியரோ, "ஏழரைச் சனி இன்னும் விடவில்லை" என்று பரிகாரத்திற்குப் பட்டியல் எழுதி நீட்டுகிறார்.

நாம் கேட்கின்றோம்: உயிரைக் காத்தது ஆண்டவன் என்றால் இரத்தக் குழாயை வெடிக்க வைத்தது யார்? "எல்லாம் தலையெழுத்து" என்பார்கள். மண்டையைத் திறந்து பார்த்த வைத்தியர் எவராவது அங்கே பிரமன் எழுதிய எழுத்தைக் கண்டதுண்டா? உப்பி வெடித்த குழாயையும், உறைந்த இரத்தத்தையும்தானே கண்டார்கள்! வெடிப்புக்கு வைத்தியரை நம்பியவர்கள், பயத்துக்கு மாத்திரம் சனியைத் தேடுவது என்ன நியாயம்? பயம் பிறக்கும் இடமும் அதே மூளைதானே!

இது கோழைகளுக்கு வருவது என்போருக்கு ஓர் உதாரணம் காட்டுவோம். இங்கிலாந்து தேசத்துப் பிரபல நடிகை எமிலியா கிளார்க் அம்மையாருக்கு 2011-ல், 24-ஆம் வயதில், மூளையில் இரத்தக் கசிவு உண்டாயிற்று. சிகிச்சைக்குப் பின் சில நாள் தம் பெயரையே சொல்ல வராமல், தம்மைச் சாகவிடும்படி வைத்தியசாலையாரைக் கேட்டாராம். 2013-ல் நியூயார்க்கில் மண்டையைத் திறந்து மறுபடியும் சிகிச்சை. அதன் பின்னும் கவலையும் திகிலும் அவரை விடவில்லை. அவ்வளவு புகழும் செல்வமும் உடையவரே இதை ஊரறியச் சொல்ல 2019 வரை ஆயிற்று என்றால், நம் கிராமத்துக் கூலிக்காரரும், அடுப்படியில் கிடக்கும் பெண்ணும் யாரிடம் வாய் திறப்பார்கள்?

திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியதுதான். அதில் தயக்கம் கூடாது. ஆனால், பரிசோதித்து ஆபத்தில்லை என்று சொன்ன பிறகும் நீங்காத பயத்திற்கும் வைத்தியம் இருக்கிறது. மனோவைத்தியரின் பேச்சு சிகிச்சையாலும், வேண்டுமானால் மருந்தாலும் அதைத் தணிக்கலாம். மனநோய்க்குச் சிகிச்சை பெறுவதை 2017-ஆம் வருஷத்துச் சட்டம் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. 14416 என்ற எண்ணில் 2022 முதல் சர்க்காரே இலவசமாக ஆலோசனை சொல்லுகிறது.

ஆகவே தோழர்களே! பிழைத்து வந்தவரை அதட்டாதீர்கள். அவர் சொல்லுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பரிகாரத்திற்கு எடுத்து வைத்த பணத்தை மனோவைத்தியரிடம் போகும் பஸ் செலவுக்குக் கொடுங்கள். உடலைக் காப்பாற்றிவிட்டு மனத்தைப் பேய்க்கும் சனிக்கும் ஒப்படைப்பது, பாதி ஆளை மாத்திரம் காப்பாற்றியதேயாகும் என்பது நமது அபிப்பிராயம்.