சிவகாமியா ஆர் நடிக்கிறது?

நாலைஞ்சு பேர், ஒரு கேத்தில் தேத்தண்ணி, வெளியில மழை. எங்கட கதை எங்க தொடங்கினாலும் கடைசியில் இந்த விளையாட்டிலதான் போய் நிற்கும்: பிடிச்ச சரித்திர நாவலைப் படமாக்கினால் ஆர் ஆரைப் போடலாம்? 2022இலும் 2023இலும் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகமாக வந்துபோன பிறகு இந்த வியாதி கூடிப்போச்சு.

முதல் ஆசை 'சிவகாமியின் சபதம்'. மாமல்லன் என்றால் மற்போர்க்காரன். அரண்மனை மாடத்தில நிற்கிற வடிவான பெடியன் போதாது, உடம்பில மண் ஒட்டவேணும். 'பைசன்' படத்தில் கபடி வீரனாக வந்த துருவ் விக்ரமுக்குத்தான் எங்கட வாக்கு. நாகநந்தியும் புலிகேசியும் ஒரே முகம் கொண்ட இரட்டையர். பகத் பாசிலைத் தவிர வேற பெயரை ஒருத்தரும் சொல்லேல்லை.

சண்டை வந்தது சிவகாமியில. பாதிப்பேர் சாய் பல்லவி என்றார்கள், 'ஷியாம் சிங்கா ராய்' படத்தில் அவ தேவதாசியா ஆடினதைப் பார்த்த ஆக்கள். மற்றப் பாதி, இதுவரை நாங்கள் திரையில் காணாத ஒரு பரதக்காரி வேணும் என்று நின்றது. நாங்கள் இப்ப அந்தப் பக்கம் சாய்ஞ்சிட்டம். காரணம் கடைசிக் கட்டம். வாதாபி எரிஞ்சு, சபதம் நிறைவேறி, காஞ்சிக்குத் திரும்புகிறவளுக்கு மாமல்லனுக்குக் கலியாணம் முடிஞ்சு பிள்ளைகளும் இருக்கு என்று தெரியவருது. அதுக்குப் பிறகு அவள் ஏகாம்பரநாதரையே கணவனாக வரிச்சுக்கொண்டு ஆடுறாள். அந்த இடத்தில் வசனம் உதவாது, ஆட்டம்தான் கதை. தெரிஞ்ச முகம் வந்தால் சிவகாமியை விட்டிட்டு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பம்.

சாண்டில்யனின் 'கடல் புறா'வுக்கும் ஆசைதான், அந்தக் கப்பல் சண்டைகளுக்காக. ஆனால் அவர் பெண்களை வர்ணிக்கிற பக்கங்களை அப்படியே கமெராவிடம் குடுத்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். காஞ்சனாதேவிக்கும் மஞ்சளழகிக்கும் மூளை இருக்கு என்பதை எடுக்கிறவர் முதலில் கண்டுபிடிக்கட்டும்.

பூங்குழலி வேற. கோடிக்கரையிலிருந்து அவள் படகு வலிச்சு வாறது எங்கட கரைக்கு. நாவலில் பூதத்தீவு, அனுராதபுரம், தம்புள்ளை எல்லாம் வரும். படப்பிடிப்புத் தொடங்கினது தாய்லாந்தில. ஐஸ்வர்யா லெக்ஷ்மி நல்லாத்தான் செய்தா, அதில் குறையில்லை. குறை கதையில். இளவரசனில் ஆசை வைத்த ஓடக்காரி சேந்தன் அமுதனைக் கட்ட, அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான் என்பது கல்கி அவளுக்குக் குடுத்த முடிவு. படம் அதை எடுக்கேல்லை. ஆறு எபிசோட்டில் அவளுக்குத் தனி சீரிஸ் வேணும். எங்கட கடலில எடுக்கவேணும், உண்மையில் வள்ளம் வலிக்கத் தெரிஞ்ச ஒரு பிள்ளையைப் போட்டு.

இவ்வளவும் கதைச்ச பிறகுதான் வெட்கம் வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுகிற 'மோகனாங்கி' 1895இல் வந்தது. எழுதினவர் திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை. கல்கி எழுதத் தொடங்க எவ்வளவோ முதல்! இத்தனை வருட விளையாட்டில் எங்கட பட்டியலில் அது ஒருநாளும் வரேல்லை. சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை மன்னர் மகளுக்குமான காதல் கதை அது. சரித்திரத்தில் நடந்தது பயங்கரம்: விஜயராகவ நாயக்கர் பெண் குடுக்க மறுத்தார், 1673இல் மதுரைப் படை தஞ்சைக்குள் வந்தது, அவர் அந்தப்புரத்தையே வெடிவைத்துத் தகர்க்கச் சொன்னார். மகளைக் குடுக்கிறதைவிட அழிக்கிறது மேல் என்று நினைக்கிற ஒரு அப்பா. சரித்திரக் காதல் படமெடுக்கிற ஆக்கள் தாண்டிப்போகிற இடம் இதுதான், எங்களுக்குப் பார்க்க விருப்பமானதும் இதுதான்.

விஜயராகவனாக அந்தோனிதாசன் யேசுதாசன். 2015இல் கானில் தங்கப் பனை வென்ற 'தீபன்' படத்தைச் சுமந்த அந்த முகத்துக்குக் கிரீடம் வைச்சுப் பாருங்கோ. சொக்கநாதனுக்கு மூன்று பெயர் எழுதி மூன்றையும் வெட்டிட்டம். மோகனாங்கிக்கு நேராக இன்னும் வெறுமையா இருக்கு. திருகோணமலையில் நாடகம் போடுகிற பிள்ளைகள் ஆராவது இதை வாசிச்சால், முதலில் அந்த நாவலைத் தேடி எடுங்கோ.