எட்டு பாத்ரூம்... ஒரே சாவி!

புது லேப்டாப் வாங்கப் போனா நாம கேக்குற முதல் கேள்வி என்ன? "எத்தனை கோர்ணா?" கடைக்காரர் "எட்டு" என்று சொன்னதும் வேகம் எட்டு மடங்கு ஆகிடும்னு மனசு துள்ளும். நானும் அப்படித்தான் துள்ளினேன்... போன செமஸ்டர் மினி பிராஜெக்ட் ரிவ்யூ வரைக்கும்!

ஒரு பெரிய ஃபைலில் எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன என்று எண்ணும் புரோகிராம். அவ்வளவுதான் மேட்டர். ஒரே த்ரெட்டில் ஓடினால் 12 செகண்ட். "ஃபைலை நாலா வெட்டி நாலு த்ரெட்கிட்ட கொடுப்போம், 3 செகண்ட்ல முடிஞ்சுடும்டா" என்று டீமில் பந்தா விட்டேன். ரன் பண்ணினால் ஒவ்வொரு தடவையும் ஒரு விடை. அத்தனையும் தப்பு!

காரணம் சிம்பிள். மெஸ் கணக்கு நோட்டில் 100 என்று இருக்கு. ரெண்டு பேர் ஒரே நேரத்தில் அதைப் பார்த்து, ஆளுக்கு ஒண்ணு கூட்டி, ரெண்டு பேருமே 101 என்று எழுதினால்? ஒரு சாப்பாடு கணக்கிலேயே வராது. என் நாலு த்ரெட்டும் ஒரே கவுன்ட்டரில் அதைத்தான் செய்தன.

சரி, ஒருத்தர் எழுதும்போது இன்னொருத்தர் தொடாமல் இருக்க லாக் போட்டேன். விடை கரெக்ட். ஆனால் நேரம்? 19 செகண்ட்! ஒவ்வொரு வார்த்தைக்கும் பூட்டு, திறப்பு, மத்தவங்க வெயிட்டிங். ரிவ்யூவில் சார் கூலாகக் கேட்டார்: "நாலு பேரை வேலைக்கு வெச்சு, மூணு பேரை வாசல்ல நிக்க வெச்சிருக்கியேப்பா?" எனக்கு மட்டுமில்லை, என்னை நம்பின ரெண்டு பேருக்கும் சேர்த்து மார்க் கட். அன்னிக்கு கேன்டீனில் யாரும் என்கூட பேசலை.

அப்புறம்தான் படிச்சேன், லினக்ஸே இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்த கதையை.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை அறிவித்தபோது அவர் 21 வயசு ஸ்டூடன்ட். பல பிராசஸர்கள் உள்ள மெஷினில் ஓடும் வசதி 1996-ல் வெளியான 2.0 வெர்ஷனில் வந்தது. கூடவே வந்தது 'பிக் கெர்னல் லாக்' என்ற பெரிய பூட்டு.

நம்ம ஹாஸ்டலை நினைச்சுக்கோங்க. அவரவர் ரூமில் எல்லாரும் ஒரே நேரத்தில் படிக்கலாம். ஆனால், எட்டு பாத்ரூம் இருக்கிற பிளாக்குக்கு வெளிக்கதவு ஒண்ணு, சாவியும் ஒண்ணு. ஒருத்தர் உள்ளே போய் பூட்டிக்கிட்டா, மிச்ச ஏழும் காலியாக இருந்தாலும் மத்தவங்க துண்டோட வெளியே! இங்கே ரூம் என்பது நம்ம புரோகிராம்கள். பாத்ரூம் பிளாக் என்பது கெர்னல். எத்தனை பிராசஸர் இருந்தாலும் கெர்னலுக்குள் ஒரு நேரத்தில் ஒருத்தருக்குத்தான் அனுமதி.

தீர்வு என்ன? பாத்ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள். ஃபைல், மெமரி, நெட்வொர்க் என்று தனித்தனி லாக். கேட்க ஈஸி. ஆனால் ஒருத்தன் வாளியைப் பிடிச்சுக்கிட்டு மக்குக்கு வெயிட் பண்ண, இன்னொருத்தன் மக்கைப் பிடிச்சுக்கிட்டு வாளிக்கு வெயிட் பண்ணினால் ரெண்டு பேரும் குளிச்ச மாதிரிதான். அதுதான் டெட்லாக்! அதனால், எந்த லாக்கை முதலில் எடுக்கணும்னு வரிசை வெச்சு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரிச்சாங்க. பெரிய பூட்டு முழுசாக ஒழிஞ்சது 2011-ல் வந்த 2.6.39 வெர்ஷனில். 15 வருஷம் பாஸ்!

நடுவில் 2003 டிசம்பரில் வந்த 2.6 வெர்ஷனில், ஒவ்வொரு பிராசஸருக்கும் தனி வேலை க்யூ கிடைச்சது. தன் க்யூ காலியானால் பக்கத்து க்யூவிலிருந்து ஒரு வேலையை இழுத்துக்கும். ஆனால் சும்மா சும்மா மாத்தாது. ரூம் மாறினா புக்ஸையெல்லாம் தூக்கிட்டுப் போகணும் இல்லையா? அதேபோல, பழைய கோரின் கேஷில் இருக்கும் டேட்டாவைப் புதுசாக எடுக்கணும்.

இன்னொரு விஷயம். ஜீன் அம்டால் 1967-லேயே சொன்ன கணக்கு இருக்கு. ஒரு வேலையில் 10 சதவிகிதத்தை ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் செய்ய முடியும் என்றால், ஆயிரம் கோர் போட்டாலும் வேகம் 10 மடங்கைத் தாண்டாது.

என் புரோகிராமை எப்படி சரி பண்ணினேன்? ஒவ்வொரு த்ரெட்டுக்கும் சொந்த கவுன்ட்டர். கடைசியில் ஒரே ஒரு தடவை கூட்டல். 4 செகண்ட்! போன மார்க் திரும்பி வரலை. ஆனா, டீம்ல ரெண்டு பேரும் மறுபடி என்கூட டீ குடிக்க வந்தாங்க.

நீங்களும் த்ரெட் போட்டு புரோகிராம் எழுதுறீங்களா? கோர் எத்தனைன்னு எண்ணுறதுக்கு முன்னாடி, எல்லாரும் எந்தப் பூட்டு முன்னால் க்யூவில் நிக்கிறாங்கன்னு பாருங்க. ரிவ்யூவுக்கு முந்தின நாள் இல்லை... இன்னிக்கே!

அடுத்த வாரம் மீட் பண்ணலாம். பை!