முறைப்பாடு செய்பவர் எதிரியல்ல: ரொச்டேல் தரும் பாடமும் நமது தொடர்மாடிகளும்

இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில், ஒற்றை அறை மாடி வீடொன்றில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற ஆண் குழந்தை 2020 டிசம்பரில் உயிரிழந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்திருந்தது. பெற்றோர் சூடானிலிருந்து வந்து குடியேறியவர்கள். வீட்டுக்குள் படர்ந்திருந்த பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார்.

அந்த வீடு ஒரு தனியார் முதலாளியுடையதல்ல. ரொச்டேல் பரோவைட் ஹவுசிங் என்ற சமூக வீடமைப்பு நிறுவனத்துக்குச் சொந்தமானது. குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக்கு வீடு கொடுப்பதற்கென்றே உள்ள நிறுவனம் அது. முறைப்பாடுகளை ஏற்க அதிகாரிகள் இருந்தனர், சட்டங்கள் இருந்தன, மேலே கண்காணிப்பு அமைப்புகளும் இருந்தன. இவ்வளவும் இருந்தும் ஒரு தந்தையின் குரல் ஏன் எடுபடவில்லை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தத் தந்தை 2017ஆம் ஆண்டிலேயே பூஞ்சணம் பற்றி அறிவித்துவிட்டார். அதன் மேல் பெயின்ட் அடிக்குமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. 2020 நடுப்பகுதியில் அவர் சட்டத்தரணியின் உதவியை நாடினார். வழக்கு நடவடிக்கை ஆரம்பித்தால், சட்டத்தரணிகளுடன் உடன்பாடு காணும்வரை திருத்த வேலை செய்வதில்லை என்பது நிறுவனத்தின் நடைமுறையாக இருந்தது. அதாவது, உரிமையைக் கேட்டு நின்றதே வேலை நிற்கக் காரணமாயிற்று. அதே காலப்பகுதியில் குடும்பத்தைச் சந்தித்த சுகாதார உத்தியோகத்தர் ஒருவரும் குழந்தை வாழும் நிலை குறித்து நிறுவனத்துக்கு அறிவித்திருந்தார். அதுவும் பயன் தரவில்லை.

இதைவிட நம் மனதைத் தைக்கும் விடயம் ஒன்று உண்டு. ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் காரணம் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையும் குளிக்கும் பழக்கமும்தான் என்று ஊழியர்கள் அனுமானித்தார்கள். வீட்டில் போதிய காற்றோட்டம் இல்லை என்ற உண்மையைப் பார்க்க முன்னர், வீட்டில் இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற கற்பனை முந்திக்கொண்டது. வாழ்க்கை முறை பற்றிய அனுமானம் தவறானது என்று நிறுவனம் பின்னர் ஏற்றுக்கொண்டது. பிரதம நிறைவேற்று அதிகாரி பதவி நீக்கப்பட்டார். குழந்தை போனது போனதுதான்.

யாரும் எச்சரிக்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை. சமூக வீடுகள் தொடர்பான முறைப்பாடுகளை விசாரிக்கும் வீடமைப்பு ஒம்புட்ஸ்மன், 2021 ஒக்டோபரிலேயே ஈரம், பூஞ்சணம் பற்றி 26 பரிந்துரைகளுடன் விசேட அறிக்கையொன்றை வெளியிட்டிருந்தார். குற்றம் குடியிருப்பாளரின் வாழ்க்கை முறையில் இல்லை என்பதே அந்த அறிக்கையின் தலைப்பு. பல்வேறு நிறுவனங்களுக்கு எதிராக வந்த முறைப்பாடுகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது ஒரே சாட்டுத் திரும்பத் திரும்ப வந்ததை அவர் கண்டுகொண்டார். தனித்தனி நிறுவனங்களுக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் ஒவ்வொரு தொல்லையாகப் பார்ப்பவர்களுக்குக் கடிதங்கள் சேர்ந்து சொல்லும் செய்தி விளங்குவதில்லை.

ஆசிரியர்களுக்கு இது பழக்கமான விடயம். ஒரு கணக்கை ஒரு பிள்ளை பிழையாகச் செய்தால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விளங்கப்படுத்துவோம். வகுப்பில் முப்பது பிள்ளைகளும் அதே இடத்தில் பிழைவிட்டால், பிள்ளைகளை ஏசுவதில் அர்த்தமில்லை. கற்பித்த முறையைத்தான் மாற்ற வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த இந்தப் பாடம் வீடு கட்டிக் கொடுக்கும் நிறுவனத்துக்கும் பொருந்தும். ஒரு முறைப்பாட்டுக்குப் பதில் சொல்வது ஒரு வேலை. பத்து முறைப்பாடுகள் ஏன் ஒரே கட்டடத்திலிருந்து வருகின்றன என்று கேட்பது அதைவிடப் பெரிய வேலை.

ரொச்டேலுக்கு முன்னரே லண்டனில் இதைவிடப் பயங்கரமான சம்பவம் நடந்தது. 2017 ஜூன் 14ஆம் திகதி அதிகாலை, நோன்பு காலத்தில், 24 மாடிகள் கொண்ட கிரென்பெல் கோபுரம் தீப்பற்றி 72 பேர் உயிரிழந்தனர். அவர்களில் முஸ்லிம்கள் பலர். அங்கு வாழ்ந்தவர்களின் குழுவொன்று தீப்பாதுகாப்புக் குறித்துப் பல மாதங்களுக்கு முன்னரே பகிரங்கமாக எச்சரித்திருந்தது. கட்டடத்தை நிர்வகித்த அமைப்பு, குரல் எழுப்பிய குடியிருப்பாளர்கள் சிலரைக் குழப்பக்காரர்களாகவே கருதியது என்று 2024 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை பதிவு செய்தது. முறைப்பாட்டின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு முறைப்பாட்டாளரின் குணத்தை ஆராயும் நோய் அங்கும் இருந்தது.

இந்த மரணங்களுக்குப் பின்னர் அங்கு நடந்த மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். 2023 ஜூலையில் சமூக வீடமைப்பு ஒழுங்குபடுத்தல் சட்டம் நிறைவேறியது. அதன் ஒரு பகுதி குழந்தையின் பெயரிலேயே 'அவாப் சட்டம்' என அழைக்கப்படுகிறது. 2025 ஒக்டோபர் 27 முதல் அதன் முதற்கட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. உயிராபத்தான அவசரக் குறைபாடுகளை 24 மணித்தியாலத்துக்குள் பரிசோதித்துப் பாதுகாப்பாக்க வேண்டும். பாரதூரமான ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலை நாட்களுக்குள் பரிசோதித்து, ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாட்களுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். அது முடியாவிட்டால் மாற்று இருப்பிடம் கொடுக்க வேண்டும்.

முறைப்பாடுகளைக் கையாள்வதற்கென ஒம்புட்ஸ்மன் வகுத்த கோவையும் 2024 ஏப்ரல் முதல் சட்ட வலுப் பெற்றுள்ளது. முறைப்பாடு கிடைத்ததை 5 வேலை நாட்களுக்குள் ஏற்றுப் பதிய வேண்டும். அதிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் முதற்கட்டப் பதில். திருப்தி இல்லையெனில் இரண்டாம் கட்டம், அதற்கு 20 வேலை நாட்கள். 'முறைப்பாடு' என்ற சொல்லை ஒருவர் பாவிக்காவிட்டாலும், அதிருப்தி வெளிப்பட்டால் அது முறைப்பாடுதான். மூன்றாம் நபர் ஒருவர் ஊடாக வந்தாலும் ஏற்க வேண்டும். என்ன கற்றோம், எதை மாற்றினோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடவும் வேண்டும்.

அந்தக் கோவையில் எனக்கு மிகவும் பிடித்த கருத்து, முறைப்பாடுகள் அதிகமாக வருவதைக் கெட்ட அடையாளமாகப் பார்க்கக் கூடாது என்பதாகும். குறைவாக வந்தால்தான் மக்களால் முறையிட முடியாமல் இருக்கிறதோ என்று யோசிக்க வேண்டும் என்கிறது அது. நமது காரியாலயங்களில் எண்ணம் இதற்கு நேர்மாறானது. "எங்களுக்கு முறைப்பாடே வருவதில்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். வருவதில்லையா, வர விடுவதில்லையா என்று யாரும் கேட்பதில்லை.

இனி நமது பக்கம் வருவோம். 2010க்குப் பின்னர் நகரப் புத்தாக்கத் திட்டத்தின் கீழ் கொழும்பில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகர அபிவிருத்தி அதிகார சபையின் தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டன. 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெமட்டகொடையிலும் மட்டக்குளியிலும் மாளிகாவத்தையிலும் இன்று அடுக்கடுக்காக நிற்கும் வீடுகளில் முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்கள் கலந்து வாழ்கின்றன. பலர் வீட்டுக்கான பணத்தை மாதாந்தத் தவணையாகச் செலுத்துகிறார்கள். லிப்ட் பழுது, நீர்க்கசிவு, குப்பை ஆகியவை அங்கு பழகிப்போன பேச்சு. பத்தாவது மாடியில் இருக்கும் வயோதிபத் தாய்க்கு லிப்ட் பழுதென்பது வீட்டுச் சிறை.

அங்கும் அதிகாரிகளிடம் நாம் கேட்கும் பதில் ரொச்டேலின் பதிலைப் போன்றதுதான்: "இவர்களுக்குத் தொடர்மாடியில் வாழத் தெரியாது." தோட்ட வீட்டிலிருந்து வந்தவர்களால்தான் கட்டடம் பழுதாகிறது என்ற இந்தக் கூற்று, கட்டடத்தின் தரத்தையும் பராமரிப்பையும் பற்றிய கேள்வியை மூடிவிடுகிறது. குப்பையை மேலிருந்து எறிபவர் இருக்கலாம். அவரைத் திருத்த வேண்டியதும் நமது கடமை. ஆனால் ஒருவர் குப்பை எறிந்ததற்காக இன்னொருவரின் கூரை ஒழுகுவதில்லை.

முறைப்பாட்டுக்கு வாசலைத் திறந்துவைப்பது நமக்குப் புதிய விடயமுமல்ல. கூஃபாவின் ஆளுநராக இருந்த ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்களின் மாளிகை வாயில் மக்களைத் தடுக்கிறது என்ற செய்தி மதீனாவை எட்டியபோது, கலீபா உமர் (ரழி) அவர்கள் முஹம்மத் இப்னு மஸ்லமா (ரழி) அவர்களை அனுப்பி அந்தக் கதவை எரிக்கச் செய்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஆளுநர் ஸஹாபிகளில் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். அவர் நல்லவரா என்பது அங்கே கேள்வியாக இருக்கவில்லை. மக்களின் குரல் உள்ளே போகிறதா என்பதே கேள்வி.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, வாய்மொழி முறைப்பாட்டோடு நின்றுவிடாமல் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் பெறுவது. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தந்திருக்கிறது. இரண்டாவது, தனித்தனியாக எழுதாமல் மாடி வாரியாக முறைப்பாடுகளைப் பதிந்து ஒரே பட்டியலாகக் கொடுப்பது. மஹல்லா மட்டத்தில் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வாலிபர்களும் இதற்கு உதவலாம். அயலில் உள்ள சிங்கள, தமிழ்க் குடும்பங்களையும் சேர்த்தே இதைச் செய்ய வேண்டும். ஒழுகும் நீர் இனம் பார்ப்பதில்லை. மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பாவிப்பது. கடந்த வருடம் இந்தத் தொகுதியிலிருந்து எத்தனை முறைப்பாடுகள் கிடைத்தன, எத்தனை தீர்க்கப்பட்டன, எத்தனை நாட்கள் எடுத்தன என்று கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடை இல்லை என்று வந்தால் அதுவும் ஒரு விடைதான். எண்ணி வைக்காதவர்கள் எதையும் கற்கவில்லை என்று அர்த்தம். அதை வைத்து அதிகார சபையிடமும் நமது மக்கள் பிரதிநிதிகளிடமும் கால எல்லையுடன் கூடிய முறைப்பாட்டு நடைமுறையொன்றைக் கேட்க முடியும். இங்கிலாந்தில் அந்தக் கால எல்லை சட்டமாவதற்கு ஒரு குழந்தையின் ஜனாஸா தேவைப்பட்டது. நமது நாட்டிலும் அப்படியொரு நாள் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.