நிலம் அதே, பயிர் வேறு

2014 ஜனவரியில் மும்பை மாரத்தானின் இந்தியப் பெண்கள் பிரிவில் லலிதா பாபர் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக முதலிடம் பிடித்தார். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், வறட்சிக்குப் பேர்போன வட்டாரத்தில் உள்ள மோஹி கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அப்போது வயது 24. ரயில்வேயில் வேலை, ஆண்டுதோறும் பரிசுத்தொகை, பத்திரிகைகளில் படம். அப்படியே இன்னும் நாலைந்து வருடம் காலத்தை ஓட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவரோ, அந்த வெற்றிக்குப் பிறகு தன் முதன்மைக் கவனத்தை 42 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டருக்குத் திருப்பினார். சர்வதேசப் போட்டியில் ஒரு பதக்கம் வேண்டும் என்பதே நோக்கம். தேர்ந்தெடுத்தது 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ். இதில் 28 முறை கட்டையைத் தாண்ட வேண்டும். 7 முறை கட்டையோடு தண்ணீர்ப் பள்ளத்தையும் தாண்ட வேண்டும். பெண்களுக்கான கட்டையின் உயரம் 76.2 சென்டிமீட்டர். சாதாரணத் தடை ஓட்டத்துக் கட்டையைப்போல இது கால் பட்டதும் சாயாது. ஓடுகிறவர்தான் சாய வேண்டியிருக்கும்.

அதே ஆண்டு செப்டம்பரில், இன்சியான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 9 நிமிடம் 35.37 விநாடியில் ஓடி வெண்கலம் வென்றார். சுதா சிங்கின் தேசியச் சாதனை உடைந்தது. 2015-இல் வூஹான் ஆசியத் தடகளப் போட்டியில் தங்கம். பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் இறுதிச்சுற்றுக்குப் போய் எட்டாம் இடம். 2016 ரியோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் 9 நிமிடம் 19.76 விநாடி. 1984-இல் பி.டி.உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக் ஓடுதளத்தில் இறுதிச்சுற்றை எட்டிய முதல் இந்தியப் பெண் அவர்தான். நடுவில் கழிந்தவை 32 ஆண்டுகள்.

இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் குறைத்த நேரம் ஏறத்தாழ பதினைந்தரை விநாடி. கேட்பதற்கு இது சின்னக் கணக்கு. ஆனால், இன்சியானில் ஓடிய லலிதாவையும் ரியோவில் ஓடிய லலிதாவையும் ஒன்றாக ஓடவிட்டால், பின்னவர் கோட்டைத் தொடும்போது முன்னவர் 80 மீட்டருக்கும் அதிகமாகப் பின்தங்கியிருப்பார்.

வீணாகாத உழைப்பு

இதைக் ‘கடின உழைப்பின் வெற்றி’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. மாரத்தான் ஓடிய காலத்தில் அவர் உழைக்காமலா இருந்தார்? உழைப்பு அப்போதும் இருந்தது. அது எங்கே செலவாக வேண்டும் என்பதுதான் மாறியது.

மாரத்தானுக்காக ஆண்டுக்கணக்கில் ஓடிய தூரம், இதயத்தையும் நுரையீரலையும் கால் தசைகளையும் களைப்பு தாங்கப் பழக்கியிருந்தது. ஸ்டீபிள்சேஸுக்கும் அதுதான் அடித்தளம். ஒன்பதரை நிமிட ஓட்டத்தில் ஏழாவது தண்ணீர்ப் பள்ளத்துக்கு வரும்போது கால்கள் கனத்துப்போயிருக்கும். அந்தக் கட்டத்தில் மூச்சு வளம் உள்ளவருக்கே தாண்டும் லயம் கெடாது. புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தவை வேகம், கட்டையைத் தாண்டும் நுணுக்கம், குதித்து இறங்கும் வலு ஆகியவை. பெலாரஸ் பயிற்சியாளர் நிகோலாய் ஸ்னெசாரெவிடம் அவர் பெற்ற கடுமையான பயிற்சி அதற்குக் கைகொடுத்தது.

இன்னொரு வியப்பு, அவர் விட்டுவிட்டு வந்த மாரத்தானில் நடந்தது. 2014-இல் மும்பையில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம். ஸ்டீபிள்சேஸில் ஓராண்டு கழித்துவிட்டு, 2015 ஜனவரியில் அதே மும்பையில் ஓடியபோது 2 மணி 38 நிமிடம் 21 விநாடி. ஓ.பி.ஜெய்ஷா தேசியச் சாதனை படைத்த அந்தப் பந்தயத்தில் லலிதா இந்தியப் பெண்களில் இரண்டாவதாக வந்தார். மாரத்தானை முதன்மையாகக் கொண்டிருந்த காலத்தில் கிடைக்காத நேரம் அது. கிலோமீட்டருக்கு மூன்றே கால் நிமிட வேகத்துக்கும் கீழே பழகிய கால்களுக்கு, மூன்றே முக்கால் நிமிட வேகம் இலகுவாகத்தானே தோன்றும்! நெல் அறுத்த வயலில் உளுந்து விதைப்பவருக்கு இந்தக் கணக்கு புரியும். உளுந்தும் வருமானம் தரும். அடுத்த நெல்லுக்கு மண்ணும் தேறும்.

திறந்திருந்த கதவு

அவர் தேர்ந்தெடுத்த காலமும் முக்கியமானது. பெண்களுக்கான ஸ்டீபிள்சேஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே 2008-இல்தான். 2010 குவாங்சௌ ஆசியப் போட்டியில் சுதா சிங் தங்கம் வென்ற நேரம் 9 நிமிடம் 55.67 விநாடி. நான்கே ஆண்டுகளில், அதைவிட 20 விநாடி விரைவாக ஓடிய லலிதாவுக்குக் கிடைத்தது வெண்கலம். கதவு திறந்திருந்தது; ஆனால், வேகமாக மூடிக்கொண்டும் வந்தது.

ரியோ இறுதிச்சுற்று அதையும் காட்டிவிட்டது. 2016 ஆகஸ்ட் 15 அன்று நடந்த அந்த ஓட்டத்தில் லலிதா 9 நிமிடம் 22.74 விநாடியில் பத்தாவதாக வந்தார். பஹ்ரைனின் ரூத் ஜெபெட் 8 நிமிடம் 59.75 விநாடியில் தங்கம் வென்றார். வெண்கலம்கூட லலிதாவிடமிருந்து 15 விநாடி தள்ளியிருந்தது. சரியான போட்டியைத் தேர்ந்தெடுப்பது ஒருவரை வாசல்வரை கொண்டுசேர்க்கும். அதற்கு அப்பால் உயர்மட்டப் போட்டி அனுபவமும் காயமில்லாத ஆண்டுகளும் தேவை. அவரது தேசியச் சாதனையை 2023-இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 9 நிமிடம் 15.31 விநாடியில் முறியடித்த பாருல் சௌத்ரியும், 3,000, 5,000 மீட்டர் ஓட்டங்களில் வேகத்தைத் தீட்டிக்கொண்டவர்தான்.

துணிச்சலுக்கு யார் பொறுப்பு?

லலிதாவின் முடிவைத் துணிச்சல் என்று பாராட்டுகிறோம். ஒரு வீராங்கனை போட்டியை மாற்றுவதற்கே துணிச்சல் தேவைப்படுகிறது என்றால், குறை ஏற்பாட்டில் இருக்கிறது. சாலை ஓட்டங்களில் உடனடியாகப் பணம் கிடைக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு, கையில் இருக்கும் சான்றிதழே அளவுகோல். புதிய போட்டிக்கு மாறினால் முதல் ஓராண்டு தோல்வியே மிஞ்சலாம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளையால் அந்த ஓராண்டைத் தாங்க முடியாது. லலிதாவுக்கு ரயில்வே சம்பளம் இருந்தது. இல்லாத நூறு பேர், முதலில் எந்தப் போட்டியில் பெயர் கொடுத்தார்களோ அதிலேயே ஓடி ஓய்ந்துபோகிறார்கள்.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் எழுதிக்கொடுத்த போட்டியே பல பிள்ளைகளின் தலையெழுத்தாகிவிடுகிறது. மாநில விளையாட்டு விடுதிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொருவரின் வேகம், தாக்குப்பிடிக்கும் திறன், தாண்டும் வலு ஆகியவற்றை அளந்து, வேறு போட்டி பொருந்துமா என்று பார்க்கலாம். மாறுகிறவருக்கு, பதக்கம் இல்லாத முதல் ஆண்டிலும் உதவித்தொகை தொடரலாம். இதற்குப் புதிய மைதானம் வேண்டாம், பெரிய அறிவிப்பும் வேண்டாம்.

5,000 மீட்டரில் வருடாவருடம் நான்காவதாக வரும் பெண் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறாள். ‘இன்னும் கொஞ்சம் முயற்சி செய்’ என்றுதான் எல்லோரும் அவளிடம் சொல்கிறார்கள். ஒரு கட்டையை அவள் முன்னால் வைத்துப் பார்க்க இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.