குறை தீர்ப்பதா? புதுக்குலம் படைப்பதா?



பொருளற்ற பூசலார் தம் உள்ளத்திலேயே கோயில் எழுப்பினார். கச்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னனும் அவர்முன் தலைதாழ்ந்தான் என்பது திருநின்றவூர் பற்றிய பழங்கதை. ஏழைக்கு எவரும் பறிக்கவொண்ணா உடைமை அவன் உடலும் உள்ளமுமே. அவற்றுள்ளும் இன்று முதலாளியம் கால்வைக்கப் பார்க்கின்றது!

மீநுண் தொழில்நுட்பம், உயிரியல் தொழில்நுட்பம், கணிப்பொறி நுட்பம், மூளையறிவியல் ஆகிய நான்கையும் ஒன்றிணைத்து மாந்த ஆற்றலைப் பெருக்குக என 2002-இல் அமெரிக்க நாட்டு அறிவியல் அறக்கட்டளை அறிக்கை வெளியிட்டது. படைவலிமைக்கென அதில் தனிப்பகுதியே உண்டு! 2018-இல் சீன அறிவியலர் ஒருவர், மரபீனி திருத்திய கருக்களினின்று குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். மறு ஆண்டு சிறைத்தண்டம் பெற்றார். 2024 சனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முறையாக மாந்த மூளையில் தன் சில்லைப் பொருத்தியது.

அறிவியலை நாம் வெறுக்கவில்லை. கைகால் செயலிழந்தவர் எண்ணத்தாலேயே கணிப்பொறியை இயக்குவது கண்டு மகிழ்கின்றோம். தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டால் காதுகேளா ஏழைக் குழந்தைக்கும் உட்செவிக் கருவி பொருத்தப்படுகின்றது, அது மருத்துவம். குறையில்லா உடலுக்குக் காசுக்கேற்ப வலிமை கூட்டுவதோ வணிகம்!

2023 ஏப்பிரல் 21-இல், தொழிற்சாலைகளில் 12 மணிநேர வேலைக்கு வழிதிறக்கும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிலாளர் கொதித்தெழுந்தனர், மே முதல்நாள், அது திரும்பப் பெறப்பட்டதென முதலமைச்சர் அறிவித்தார். மாந்த உடலுக்கு ஓர் எல்லையுண்டு என்பதன்றோ அன்று தொழிலாளர் கைக்கொண்ட படைக்கலம்? அவ்வெல்லையையே அழித்துவிட்டால்? களைப்பறியா உடல் நாளை விலைக்கு வருமாயின், அதை வாங்காத தொழிலாளிக்குக் கும்மிடிப்பூண்டி உருக்காலையில் வேலை கிடைக்குமா? 'விரும்பினோர்க்கு மட்டுமே' என்பர். வயிறு காய்ந்தவனுக்கு விருப்பம் ஏது?

பிறப்பால் உயர்வுதாழ்வு கற்பித்த வருணக் கொடுமையை எதிர்த்து நின்ற இனம் நாம். அன்று அது வெறும் பொய். உடலில் எவ்வேறுபாடும் இல்லை. நாளையோ, செல்வன் மகனைக் கருவிலேயே உயர்த்திவிட்டு, அப்பொய்யை மெய்யாக்கப் பார்ப்பர்!

எனவே கேட்போம்: குறைதீர்க்கும் மருத்துவம் அனைவர்க்கும் விலையின்றி வேண்டும். உடலில் கருவி பொருத்துதல் எவ்வேலைக்கும் கட்டாயமாதல் கூடாது. இவற்றுக்கான சட்டமும் ஒப்புகைத்தாளும் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் வேண்டும். சில்லு வந்தபின் சீறிப் பயனில்லை, சட்டம் முந்தட்டும்!