பரிசிலா, உரிமையா?

எஹலியகொடவிலே என் வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற வாரம் ஒரு வினாவை எழுப்பினான். "ஐயா, தேயிலை விளம்பரத்திலே நம் தோட்டத்துக் கும்மி மெட்டுப் போன்ற ஒன்றைத் தொலைக்காட்சியில் கேட்டேன். அஃது ஒலிக்குந்தோறும் ஆக்கியவருக்குப் பணம் கிடைக்குமா?" பாணரும் பரிசிலும் பற்றிய பாடத்தின் இடையே எழுந்த வினா அது. பாடத்துக்குப் பொருத்தமான வினாவே என்க.

பரிசில் என்பது கொடுப்போன் உவந்து அளிப்பது, வழக்காடிப் பெறத்தக்கதன்று. ஆயினும், அதியமான் நெடுமானஞ்சி தம்மைக் காணாமலே கொடுத்த பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு கூறும். புலமையை மதியாது தரும் பொருள் வாணிகப் பொருளே என்பது அப்புலவர் கருத்து. இன்று விளம்பரத்துக்கு இசையமைப்போர் பலர் பெறுவதும் அத்தகைய பொருளே. ஒரு தொகை பெற்று ஒரு தாளிற் கையொப்பமிட்டால், பின்னர் அம்மெட்டு ஆயிரமுறை ஒலித்தாலும் ஆக்கியோன் பெறுவது யாதுமில்லை.

சட்டமோ அவனுக்கு உரிமை வழங்கியிருக்கின்றது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பொருளாதார உரிமை அவர்தம் வாழ்நாளிலும் மறைவுக்குப்பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். விளம்பரப் படத்தோடு இசையை இணைக்க அனுமதி பெறுதல் வேண்டும். அஃது ஒருவகைக் கட்டணம். ஒளிபரப்புந்தோறும் எழும் உரிமைப்பணம் மற்றொருவகை. தனி மனிதன் ஒவ்வொரு நிலையத்தின் வாயிலிலும் காத்திருந்து இதனைத் தண்டுதல் இயலாது. ஆதலின், பலர் கூடிச் சங்கம் அமைத்து, நிலையங்களின் ஒலிபரப்புப் பட்டியலை ஒப்புநோக்கி, பணத்தைப் பெற்று, உரியோர்க்குப் பகிர்ந்தளிப்பது உலக வழக்கமாயிற்று. அச்சங்கத்தில் தன் பெயரையும் ஆக்கத்தையும் பதியாதவனுக்குப் பணம் வந்து சேர வழியில்லை.

காலம் கடந்த இசைக்கு இக்கட்டணம் இல்லை. டைட்டான் கைக்கடிகார விளம்பரத்தில் ஒலிக்கும் இசை, 1791 இல் மறைந்த மொசார்ட்டு என்னும் மேனாட்டு இசைஞருடைய 25 ஆவது சிம்பொனியிலிருந்து எடுத்தது. அவருக்கு உரிமைப்பணம் இல்லை. அதனைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்வோர்க்கே ஊதியம் உண்டு.

உயிரோடிருப்பவர்க்கும் உரிமை எளிதில் வாய்த்ததில்லை. இந்தியாவிலே, படத்தயாரிப்பாளர் பணம் கொடுத்து ஆக்குவித்த இசைக்கு அவரே உரிமையாளர் என 1977 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2012 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே அந்நிலையை மாற்றிற்று. உரிமையை எழுதிக் கொடுத்தபின்னும், திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படுங்கால், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் சமபங்கு கோரலாம் என்பது அதன் சாரம்.

தென்னாபிரிக்காவிலே சொலமன் லிண்டா என்னும் சூலு இனப் பாடகர் 1939 இல் 'ம்பூபே' என்ற பாடலைப் பதிவு செய்தார். அதன் உரிமையைப் பத்துச் சிலிங்குக்கு விற்றுவிட்டு, 1962 இல் வறியவராக மறைந்தார். பாடலோ உலகெங்கும் செல்வம் ஈட்டிற்று. ஆசிரியர் இறந்து 25 ஆண்டுகளின் பின் உரிமை மரபுரிமையாளர்க்கு மீளும் என்ற 1911 ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்ட விதியைக் கொண்டு, 2004 இல் அவர் புதல்வியர் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2006 இல் உடன்பாடு ஏற்பட்டது. அதே 1911 ஆம் ஆண்டுச் சட்டம், 1979 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இலங்கையிலும் வழங்கியதாகும்.

லிண்டாவுக்கேனும் பெயர் இருந்தது, பதிவு இருந்தது. நம் லயங்களிலே பிறந்த தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் கும்மிக்கும் ஆசிரியர் யார்? கொழுந்து கொய்த கைகளும் பால் வெட்டிய கைகளும் தட்டிய தாளம் அது. ஆசிரியர் பெயர் அறியப்படாமையால் அஃது எவரும் எடுத்துக்கொள்ளத்தக்க பொருளாகிவிடுமோ? ஆகாது. 2003 ஆம் ஆண்டுச் சட்டமே நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் காப்பளிக்கின்றது. அவற்றை வணிக நோக்கத்தோடு பயன்படுத்துவோர் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் கட்டணம் செலுத்தி அனுமதி பெறல் வேண்டும். அப்பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செலவாதல் வேண்டும் என அது விதிக்கின்றது. அவ்வளர்ச்சியில் ஒரு பங்கு பாடலைப் பிறப்பித்த தோட்டத்துக்கே மீள வேண்டும் என நாம் கேட்பது இரத்தலாகாது.

ஆனால், கேட்பதற்குச் சான்று வேண்டும். மெட்டு நம்முடையது என்பதை யார் காட்டுவார்? சி. வி. வேலுப்பிள்ளை மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்து 'மாமன் மகனே' என நூலாக்கி ஒரு வழி காட்டினார். அந்நூல் சொல்லைக் காத்தது. மெட்டைக் காப்பது இன்று கைத்தொலைபேசி உள்ள எவர்க்கும் இயலும். சபரகமுவத் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் மாணவர்களும், பாடும் முதியவர் பெயர், தோட்டம், நாள் ஆகியவற்றோடு பாடல்களை ஒலிப்பதிவு செய்து வைப்பார்களாயின், அதுவே நாளை நம் உரிமைக்கு உறுதிச்சீட்டாகும்.

மாணவனுக்கு யான் அளித்த விடையும் இதுவே: "கிடைக்க வேண்டும், தம்பி. முதலில் உன் பாட்டியார் பாடுவதைப் பதிந்துகொண்டு வா."